பழைய புடவையில் கைத்தையல் போர்வை: தைத்துக் கொடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

எனக்கு வந்த முதல் ஆர்டர் ஏழு புடவைகள். எங்கள் தெருவில் இருக்கும் ஓர் ஆசிரியை, காலமான தன் அம்மாவின் புடவைகளை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்து, இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு போர்வை வேண்டும் என்றார். அன்று மாலையே ஏழையும் ஒரே வாளியில் ஊறவைத்தேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் சிவந்துவிட்டது. அரக்கு நிறச் சுங்குடி ஒன்று சாயம் விட்டு, சந்தன நிறக் காஞ்சி காட்டன் முழுக்கத் திட்டுத்திட்டாக ஏறியிருந்தது. மூன்று நாள் அலசினேன், போகவில்லை. அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. புடவையை மடியில் போட்டுக்கொண்டு, கறைபட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மாதிரி ஒரு மாலை உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்தபடி, பிறர் கொடுக்கும் பழைய பருத்திப் புடவைகளில் கையால் போர்வை தைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்க நினைப்பவர்களுக்கு இது. மெஷின் தையலுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

நான் கற்றது ஹுப்பளியில். கணவரின் ரயில்வே வேலைக்காக ஆறு வருடம் அங்கே இருந்தோம். பக்கத்து வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) சொல்லிக் கொடுத்தார். பழைய புடவை, வேட்டிகளை நாலைந்து அடுக்காகப் பரப்பி, முழுக்க ஓட்டுத் தையலாகவே தைக்கிற போர்வைக்கு அங்கே கௌதி என்று பெயர். இதையே மகாராஷ்டிரத்தில் கோதடி என்பார்கள். வங்காளத்துக் காந்தா, பீகார் சுஜனி எல்லாம் ஒரே குடும்பம்தான். கௌதிக்குள் பஞ்சு கிடையாது, துணிமேல் துணி மட்டும். நம் ஊர் வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் அந்த அளவே போதும். இப்போது ஈரோட்டில் இருக்கிறேன், இங்கேயும் அதையேதான் தைக்கிறேன்.

1. முதல் போர்வையை உங்கள் வீட்டுப் புடவையில் தையுங்கள்

வெளி ஆர்டர் எதையும் வாங்காமல் முதலில் ஒன்றை முழுசாக முடியுங்கள். குழந்தைப் போர்வை அளவு போதும்: 36 அங்குலத்துக்கு 45 அங்குலம். ஒரே பருத்திப் புடவையில் நாலு அடுக்கும் வந்துவிடும், மிச்சமும் இருக்கும்.

தைக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், எத்தனை வரிசை முடிந்தது என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். இந்த நோட்டுதான் பிறகு விலை சொல்லும், தேதி சொல்லும். இது இல்லாமல் ஆர்டர் எடுத்த என் முதல் வருடத்தில் ஒரு போர்வைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்றே எனக்குத் தெரியாது. "பத்து நாளில் தருகிறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ராத்திரி இரண்டு மணிவரை கண் எரிய உட்கார்ந்திருக்கிறேன்.

தொடக்கச் செலவு அதிகமில்லை. எனக்கு ஆனது: நல்ல கத்தரிக்கோல் 450 ரூபாய், ஊசிகளும் குண்டூசிகளும் 80, விரலில் மாட்டும் திம்பிள் 20, பருத்தி நூல் 120, சமையலறைத் தராசு 400. தராசு எதற்கு என்பது மூன்றாம் படியில் வரும். ஃப்ரேம், வட்டச் சட்டம், விலை கூடிய இறக்குமதி ஊசி எதுவும் வேண்டாம். கௌதி தரையில் விரித்துத் தைக்கிற வேலை.

2. புடவைக் கணக்கு

ஆர்டர் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை புடவை வேண்டும்?" இதற்குத் தயங்காமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

ஜாக்கெட் துணி இல்லாத புடவை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 அங்குல நீளம். அகலம் 46 அங்குலம். ஒற்றைக் கட்டில் போர்வை 60-க்கு 90 அங்குலம். ஒரு புடவையில் 90 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை முழு அகலத்தோடும் மற்றதில் 15 அங்குலத்தை மட்டும் எடுத்தும் இணைத்தால் ஓர் அடுக்கு. அதில் 31 அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். இரண்டு புடவைகளில் மிஞ்சிய பட்டைகளை இணைத்தால் இன்னோர் அடுக்கு. ஆக மூன்று புடவையில் நாலு அடுக்கு வந்துவிடுகிறது. புடவைக் கடைசியில் மிஞ்சும் 36 அங்குலத் துண்டுகள் ஓரப் பட்டிக்கும் மேல் அலங்காரத்துக்கும் ஆகும்.

இரட்டைக் கட்டிலுக்கு 90-க்கு 100 அங்குலம். ஒரு புடவையைச் சரிபாதியாக வெட்டி அருகருகே இணைத்தால் ஓர் அடுக்கு. நாலு அடுக்குக்கு நாலு, பட்டிக்கும் மேல்வேலைக்கும் ஒன்று, மொத்தம் ஐந்து.

புடவை குறைந்தால் உள் அடுக்குக்குக் காடா துணி வாங்கிப் போடலாம். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் காடாவில் பசை இருக்கும், சுருங்கவும் செய்யும். வெந்நீரில் இரண்டு முறை துவைத்து உலர்த்தாமல் உள்ளே வைத்தால், போர்வை முதல் சலவையிலேயே அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

3. புடவையை வாங்கும்போது ரசீது எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கைக்கு வருவது வெறும் துணி இல்லை. வெட்டிய பிறகு திரும்பத் தர முடியாத பொருள். ஆகவே தெரிந்தவர், உறவுக்காரர் என்று பார்க்காமல் எல்லாரிடமும் எழுதி வாங்குங்கள். என்னிடம் ஒரு கார்பன் பில் புத்தகம் இருக்கிறது. ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று எனக்கு. அதில் நான் எழுதுவது:

- ஒவ்வொரு புடவைக்கும் ஓர் எண், நிறம், கரை, துணி வகை. "3. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை, செட்டிநாட்டு காட்டன்" என்கிற அளவுக்கு.
- ஏற்கெனவே உள்ள கிழிசல், கறை, இழை விட்ட இடம். இவற்றை அவர்கள் முன்னாலேயே விரித்துப் பார்த்து எழுத வேண்டும்.
- எந்தப் புடவையை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது, முந்தானை முழுசாக இருக்க வேண்டுமா.
- சாயம் விடும் புடவை என்றால் என்ன செய்ய வேண்டும்: விட்டுவிடுவதா, தனிப் போர்வையா.
- மொத்த எடை, கிராமில்.
- போர்வை அளவு, கூலி, முன்பணம், கொடுக்கும் தேதி.
- "மேற்கண்ட புடவைகளை வெட்டித் தைக்கச் சம்மதம்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து.

பிறகு ஒவ்வொரு புடவையையும் முந்தானை தெரிய விரித்துப் போட்டோ எடுத்து, அதே இடத்தில் வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இருபது நிமிட வேலை. இதற்கு முகம் சுளித்தவர்கள் என் அனுபவத்தில் இரண்டு பேர்தான். மற்ற எல்லாரும் இதைப் பார்த்த பிறகுதான் பீரோவின் அடியில் வைத்திருந்த நல்ல புடவையை எடுத்துக் கொடுத்தார்கள்.

எடை ஏன் என்றால், முடிவில் போர்வையும் மிச்சத் துண்டுகளும் சேர்ந்து கணக்கு சொல்ல வேண்டும். போன மாதம் முடித்த ஒன்றில் மூன்று புடவையும் சேர்ந்து 1,540 கிராம் வந்தன. தைத்த போர்வை 1,210, மிச்சத் துண்டு 290. குறைந்த 40 கிராம் கஞ்சியும் தூசும். "மிச்சத் துணியை எடுத்துக்கொண்டாளோ" என்ற எண்ணம் யாருக்கும் எழ வேண்டியதில்லை.

இன்னொன்று. கையெழுத்துப் போட வருபவர் ஒருவராக இருந்தாலும், புடவை ஒரு குடும்பத்தினுடையது. அக்கா கொடுத்த புடவையைத் தங்கை தேடி வருவதுண்டு. "வீட்டில் மற்றவர்களிடம் கேட்டுவிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தயங்கினால் ஒரு வாரம் கழித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

4. மூன்று சோதனை

முதலில் நெருப்பு. முந்தானை ஓரத்தில் ஓர் இழை உருவி, தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். பட்டில் முடி கருகும் நாற்றம் வரும். பாலியஸ்டர் உருகி, நுனியில் கடுகு போலக் கெட்டியாகும். "சுத்தக் காட்டன்" என்று சொல்லித் தரும் புடவைகளில் பாதிக்குப் பாதி கலப்பாக இருக்கும். பாலியஸ்டர் வழுக்கும், பருத்தி சுருங்கும். இரண்டையும் ஒரே போர்வையில் அடுக்காதீர்கள்.

இரண்டாவது இழுப்பு. மடிப்பு விழுந்த இடத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுங்கள். பலவருட மடிப்பில் துணி இற்றிருந்தால் காகிதம் மாதிரி சரக்கென்று விடும். அந்த மாதிரிப் புடவையை மேல் அடுக்கில் போட வேண்டாம். உள்ளே வைக்கலாம், சுற்றிலும் இருக்கும் துணி தாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது சாயம். ஒவ்வொரு புடவையிலும், கரையிலும் உடலிலும் தனித்தனியாக, ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தப் புடவை ஒதுங்க வேண்டியதுதான். உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் அந்த ஏழு புடவைகளையும் உப்புத் தண்ணீரில் போட்டேன். துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது.

பட்டுப் புடவை கொண்டுவந்தால் நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஜரிகை தோலை உறுத்தும், பழைய பட்டு மடிப்பில் வெடிக்கும், தண்ணீரில் துவைக்கவும் முடியாது. போர்வை என்றால் போர்த்த வேண்டும், துவைக்க வேண்டும். கல்யாணப் பட்டை ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பவருக்குச் சுவரில் மாட்டும் அளவில், காடாவை அடியில் வைத்து ஒரு துண்டாகத் தைத்துக் கொடுக்கலாம். ஆனால் அதை வெட்ட எனக்கு இன்னும் மனசு வருவதில்லை.

5. துவைப்பது, வெட்டுவது

தனித்தனி வாளியில், தனித்தனியாகத் துவையுங்கள். கஞ்சி முழுக்கப் போகும்வரை அலச வேண்டும். கஞ்சி மிஞ்சினால் ராமபாணப் பூச்சி தேடி வந்துவிடும். பாச்சா உருண்டை வாடை ஏறிய புடவையை இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டால் பெரும்பகுதி போய்விடும்.

காய்ந்ததும் இஸ்திரி போட்டு, வெட்டும் கோட்டைச் சாக்பீஸால் வரைந்து, வெட்டுவதற்கு முன் இன்னொரு முறை போட்டோ அனுப்பி "வெட்டலாமா?" என்று கேளுங்கள். "சரி" என்று பதில் வந்த பிறகே கத்தரி.

கரையை அப்படியே விட்டு இணைத்தால் அந்த இடத்தில் துணி தடித்து ஊசி இறங்காது. கரையைத் தனியாக வெட்டி ஓரப் பட்டிக்கு வையுங்கள். இரண்டாம் படியில் சொன்ன 46 அங்குல அகலம் கரையோடு சேர்த்து, கரை போன அளவைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். புடவையை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் கரைதான். போர்வையைப் பார்த்தவுடன் "இது அம்மாவோட தீபாவளிப் புடவை" என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

6. அடுக்கி நூலோட்டம் போடுவது

தரையை நன்றாகத் துடைத்துவிட்டு அடி அடுக்கை உட்புறம் மேலே இருக்கும்படி விரியுங்கள். நாலு மூலையிலும் கனமான பொருளை வையுங்கள். அஜ்ஜி அம்மிக் குழவியை வைப்பார். நான் டம்ளர்களில் அரிசி நிரப்பி வைக்கிறேன். ஒவ்வோர் அடுக்கையும் நடுவிலிருந்து வெளியே நீவிவிட்டு அடுத்ததை விரியுங்கள். இணைப்புத் தையல்கள் எல்லா அடுக்கிலும் ஒரே இடத்தில் வராமல் மாற்றிப் போடுங்கள். இல்லையென்றால் நடுவில் கயிறு வைத்த மாதிரி புடைத்து நிற்கும்.

பிறகு ஒரு சாண் இடைவெளியில், நீளவாக்கிலும் குறுக்கிலும், வேறு நிற நூலால் பெரிய பெரிய ஓட்டமாகப் போட்டு எல்லா அடுக்கையும் பிடியுங்கள். இதுதான் நூலோட்டம். குண்டூசி மட்டும் குத்திவிட்டுத் தைக்க ஆரம்பித்தால், பத்தாவது வரிசையில் அடி அடுக்கு நகர்ந்திருப்பது தெரியவரும், அதுவும் திருப்பிப் பார்த்தால்தான். எனக்கு ஒரு முறை அடியில் கைப்பிடி அளவு சுருக்கம் விழுந்து, பன்னிரண்டு வரிசையைப் பிரிக்க வேண்டியிருந்தது. நூலோட்டம் இரண்டு மணி நேர வேலை. அதைத் தவிர்க்காதீர்கள்.

7. தையல்

கௌதியை ஓரத்தில் தொடங்குவார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து நாலு பக்கமும் ஓரத்தை ஒட்டி ஒரு சுற்று, அதற்கு ஓர் அங்குலம் உள்ளே அடுத்த சுற்று, இப்படியே நடுவரை போகும். போர்வையைச் சுற்றி நாமும் நகர்ந்துகொண்டே இருப்போம். முடிந்ததும் பார்த்தால் சதுரத்துக்குள் சதுரமாகக் குளத்துப் படிக்கட்டு மாதிரி இருக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு: துணியில் இருக்கும் தளர்ச்சி எல்லாம் நடுவுக்குத் தள்ளப்படும். நூலோட்டம் நெருக்கமாக இருந்தால் சமாளிக்கலாம். முதல் இரண்டு போர்வைகளுக்கு நீளவாக்கில், நடுவில் தொடங்கி இரு பக்கமும் போகிற நேர்வரிசை எளிது.

நூல் தடித்த பருத்தி நூலாக இருக்கட்டும். பாலியஸ்டர் நூல் அறுந்துபோகாது, ஆனால் பழைய துணியை அறுத்துவிடும். ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை முழம் நூல்தான் ஒரு தடவைக்கு. நீளமாகக் கோர்த்தால் முடிச்சு விழும், துணியில் உரசி உரசி நைந்தும் போகும். முடிச்சை அடுக்குக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள்.

இடது கை துணிக்கு அடியில் இருக்க வேண்டும். ஊசி முனை அடியில் விரலைத் தொட்டதும் மேலே திருப்ப வேண்டும். அந்தத் தொடுகைதான் நாலு அடுக்கும் ஊசியில் சேர்ந்தது என்பதற்கு அடையாளம். நாலைந்து தையலை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுங்கள். அங்குலத்துக்கு நாலு தையல் போதும். ரொம்ப இறுக்கினால் துணி சுருங்கி, 60 அங்குலம் 56 ஆகிவிடும். நூலை இழுத்த பிறகு தையலின் மேல் கட்டைவிரலை ஒரு முறை ஓட்டி நீவிவிடுங்கள். கௌதியின் அழகே அந்த லேசான அலைதான். மெஷினில் எவ்வளவு முயன்றாலும் அது வராது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 60-க்கு 90 போர்வையில் ஓர் அங்குல இடைவெளி என்றால் மொத்தம் 5,400 அங்குலம் தைக்கிறீர்கள், ஏறக்குறைய 137 மீட்டர். அங்குலத்துக்கு நாலு என்றால் இருபத்தோராயிரத்துக்கு மேல் தையல். 90 அங்குல வரிசை ஒன்றுக்கு எனக்கு 35 நிமிடம் ஆகிறது. அறுபது வரிசைக்கு 35 மணி நேரம். துவைப்பது, வெட்டுவது, இணைப்பது, நூலோட்டம், பட்டி எல்லாம் சேர்த்து இன்னும் 17 மணி நேரம். மொத்தம் 52. புதிதாகத் தைப்பவருக்கு 80 மணி நேரம் ஆகலாம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தைக்காதீர்கள். கழுத்தும் மணிக்கட்டும் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் ஒரு மாதம் ஊசியைத் தொட முடியாது.

8. ஓரமும் மூலையும்

கரைத் துணியை இரண்டரை அங்குலப் பட்டையாக வெட்டி, ஓரத்தை மூடிப் பட்டி அடியுங்கள். போர்வை முதலில் நைவது ஓரத்தில்தான், ஆகவே இங்கே மட்டும் இரட்டைத் தையல்.

உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்களும் இப்படித்தான் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தைப்பார்கள். அவர்கள் நாலு மூலையிலும் சின்னத் துணிகளை முக்கோணமாக மடித்து அடுக்கிவைத்துத் தைப்பதற்குப் பூலா, அதாவது பூ என்று பெயர். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு உடுத்தாத உடம்பு மாதிரி. கூடுதலாக அரை மணி நேரம்தான், மிச்சத் துண்டுகளே போதும். உங்கள் போர்வையில் வைத்தால், யாரிடமிருந்து வந்தது என்று வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

9. கூலி

ரெடிமேட் கம்ஃபர்ட்டர் ஆயிரத்து இருநூறுக்குக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். பதில் உங்கள் நோட்டில் இருக்கிறது. 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42. உங்கள் கை அதற்குக் கீழே இறங்கக் கூடாது. 52 மணி நேரத்துக்கு அதுவே 2,184 ரூபாய்.

நான் மணிக்கு 75 போடுகிறேன். 52-க்கு 3,900, நூல், சோப்பு, இஸ்திரிக்கு 350. ஆக 4,250 ரூபாய். பாதி முன்பணம், மீதி கொடுக்கும்போது. முன்பணம் வாங்காமல் தைத்த இரண்டு போர்வைகள் பல மாதம் என் அலமாரியில் கிடந்தன. இன்னொருவர் அம்மாவின் புடவை என்பதால் வேறு யாருக்கும் விற்கவும் முடியாது.

பேரம் பேசினால் கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். வரிசை இடைவெளியை ஓர் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலமாக்கினால் தையல் நேரம் பாதியாகும். அதற்கேற்ற விலை சொல்லலாம். போர்வை கொஞ்சம் தளர்வாக இருக்கும், அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

10. பதிவும் வரியும்

முதல் ஐந்தாறு போர்வைகளுக்கு எந்தப் பதிவும் இல்லாமலே நடத்தலாம். தொடரப் போகிறோம் என்று தெரிந்ததும் கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

உத்யம் பதிவு: சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், ஆதாருடன் இணைந்த மொபைல். இவ்வளவுதான். எதையும் அப்லோட் செய்ய வேண்டாம், அரை மணி நேரத்தில் முடியும், புதுப்பிக்கவும் தேவையில்லை. கட்டணம் ஒரு பைசா கிடையாது. தேடினால் முதலில் வரும் பல தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். தொழில் வகையில் 1392 என்று தொடங்கும் வரிசையில் குவில்ட் (அடுக்குப் போர்வை), தலையணை வகை வரும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

கைவினைஞர் அட்டை: மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகம் தருகிற பெஹ்சான் அட்டை. இதுவும் இலவசம். காந்தி சில்ப் பஜார் போன்ற கண்காட்சிகளில் கடை போட இது வேண்டும். விண்ணப்பித்த பிறகு நீங்கள்தான் தைக்கிறீர்களா என்று நேரில் பார்ப்பார்கள், பாதி தைத்த போர்வை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். என் விண்ணப்பம் ஒரு முறை திரும்பி வந்தது. தவறு என்னுடையது: ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், பானில் அப்பா பெயர் முழுசாக. மூன்றையும் ஒன்றாக்கவே இரண்டு மாதம் ஓடிவிட்டது. நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

கடன்: தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்தவர்களுக்கு, கடன் தொகையில் 25 சதவீதம், 50,000 ரூபாய்க்கு மிகாமல் மானியம் உண்டு. தையலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கௌதிக்கு முதலீடு உங்கள் நேரம்தான், முதல் வருடம் கடன் எடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

ஜிஎஸ்டி: வாடிக்கையாளரின் புடவையில் கூலிக்குத் தைப்பது சேவை. வருடத்துக்கு 20 லட்சம்வரை பதிவு தேவையில்லை, வேறு மாநிலத்தவருக்குத் தைத்தாலும் அப்படித்தான். நீங்களே துணி வாங்கித் தைத்து விற்றால் அது பொருள். பொருள் மட்டுமே விற்றால், தமிழ்நாட்டுக்குள் 40 லட்சம்வரை பதிவு வேண்டாம். வெளி மாநிலத்துக்குப் பொருளாக விற்கும்போது விதி மாறும். கைவினைப் பொருளுக்கு அதில் தனிச் சலுகை உண்டு, உங்கள் போர்வை அதில் அடங்குகிறதா என்று முதல் பார்சலுக்கு முன்பே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். பதிவு எடுத்துவிட்டால், 2025 செப்டம்பர் 22 முதல் பருத்திக் குவில்ட் ஒன்று 2,500 ரூபாய்க்குள் என்றால் 5 சதவீதம், தாண்டினால் 18. விலை வைக்கும்போது இந்தக் கோட்டை மனதில் வையுங்கள்.

11. எந்த மாதம் என்ன

பங்குனி, சித்திரை, வைகாசியில் துவைக்கிற வேலை. அப்போது வெயில் நம் பக்கம். ஐப்பசி மழையில் புடவை காயாது, அரைகுறையாகக் காய்ந்ததை அடுக்கினால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். மார்கழிக்குப் போர்வை வேண்டும் என்று மக்கள் வருவதோ தீபாவளி முடிந்துதான். நான் ஆவணிக் கடைசியோடு அந்த வருட ஆர்டரை நிறுத்திவிடுகிறேன். ஒரு நேரத்தில் இரண்டு போர்வைக்கு மேல் கையில் எடுப்பதில்லை. கொடுக்கும் தேதியைச் சொல்லும்போது உங்கள் நோட்டுக் கணக்கோடு பத்து நாள் கூட்டிச் சொல்லுங்கள். வீட்டில் காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது வரத்தான் செய்யும்.

12. கொடுப்பது, அனுப்புவது

நேரில் வந்து வாங்கினால் நல்லது. தபாலில் என்றால் போர்வையைப் பாலிதீன் உறையில் போட்டு, அதன்மேல் துணி உறை தைத்து, வீட்டிலேயே எடை போட்டு, உறைமேல் எழுதிய முகவரியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குச் சுங்க அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். பொருள், எடை, மதிப்பு மூன்றையும் உள்ளபடி எழுதுங்கள். அமெரிக்காவுக்கு 800 டாலருக்குக் கீழான பார்சல்களுக்கு இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ஓடு நின்றுவிட்டது. வரி யார் கட்டுவது என்று ஆர்டர் எடுக்கும்போதே பேசி ரசீதில் எழுதுங்கள்.

போர்வையோடு ஒரு சின்னத் தாள் வையுங்கள்: குளிர்ந்த நீரில், மிதமான சோப்பில், தனியாகத் துவைக்க வேண்டும், பிழியக் கூடாது, கொடியில் தொங்கவிடாமல் விரித்துக் காயவைக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை வெயிலில் போட வேண்டும். தாளின் பின்பக்கம் எந்தக் கரை எந்தப் புடவை என்று ரசீது எண்ணோடு எழுதிவிடுங்கள்.

மிச்சத் துண்டுகளை ஒரு பையில் கட்டி, எடை எழுதி, போர்வையோடு சேர்த்தே கொடுங்கள். "வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அதையும் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஆசிரியையின் கறைபட்ட சந்தனப் புடவையை நான் கறையோடே இளைய பிள்ளையின் போர்வையில் மேல் அடுக்காக வைத்தேன், அவர் கேட்டுக்கொண்டபடி. மிச்சத்தில் ஒரு துண்டைத் தலையணை உறைக்கு என்று அவர் எடுத்துக்கொண்டார். மற்றது 180 கிராம், ரசீது எண் 1, இன்னும் என்னிடம் பையில் இருக்கிறது.